தண்ணி குடிக்காதே, தண்ணி குடி

எங்கள் பள்ளியில் விளையாட்டு பீரியட் முடிந்ததும் எல்லோரும் குழாயடிக்குத்தான் ஓடுவோம். பி.டி. வாத்தியார் எங்களுக்கு முன்பே அங்கே போய் நின்றிருப்பார். "ஓடிட்டு வந்து உடனே தண்ணி குடிச்சா விலாவுல புடிச்சுக்கும்டா. பத்து நிமிஷம் உக்காரு, அப்புறம் குடி." மைதானத்தைச் சுற்றி எட்டு ரவுண்டு ஓடி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, சொட்டும் குழாயைப் பார்த்தபடி அந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்போம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னும் நாலு ரவுண்டு கிடைத்திருக்கும்.

இருபது வருடம் கழித்து, தொப்பையைக் குறைக்க ஓட ஆரம்பித்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. கையில் கட்டிய வாட்ச் மணிக்கொரு முறை அதிர்ந்து தண்ணீர் குடிக்கச் சொன்னது. ஓட்டக் குழுவின் வாட்ஸப்பில் தினமும் ஓர் உபதேசம்: "தாகம் எடுத்த பிறகு குடித்தால் லேட். தாகத்துக்கு முன்னாடியே குடியுங்கள்." ஒரு நாளைக்கு எட்டு டம்ளர், ஓடினால் அதற்கு மேல்.

வாத்தியார் குடிக்காதே என்றார், வாட்ச் குடி என்கிறது. இருவருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. என் தாகத்தின்மேல் இரண்டு பேருக்குமே நம்பிக்கை இல்லை. இந்த அவநம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கும் என்று தேடப் போனேன். இருந்தது. அதில் சில பிணங்களும் இருந்தன.

*

1904 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். உலகக் கண்காட்சியோடு சேர்த்து ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. மாரத்தான் பிற்பகலில் தொடங்கியது. வெயில் 32 டிகிரி செல்சியஸ். மண் சாலை, ஏழு குன்றுகள். ஓடுபவர்களுக்கு முன்னும் பின்னும் நடுவர்களின் மோட்டார் வண்டிகள் புழுதியைக் கிளப்பியபடி போயின.

வழியில் தண்ணீருக்கு என்று சொல்லிக்கொள்ளும்படி இருந்த இடம், 12-வது மைலில் ஒரு கிணறு. இது ஏற்பாட்டுக் குறைபாடு மட்டும் இல்லை. போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவனுக்கு, உடம்பில் நீர் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசையும் இருந்ததாகச் சொல்கிறார்கள். தெரிந்தோ தெரியாமலோ, 32 பேர் ஒரு பரிசோதனைக்குள் ஓடினார்கள். முடித்தவர்கள் 14 பேர்.

வில்லியம் கார்சியா என்ற கலிஃபோர்னியாக்காரர் பாதி வழியில் சுருண்டு விழுந்தார். விழுங்கிய புழுதியில் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. பிழைத்தது பெரிய விஷயம். ஃப்ரெட் லோர்ஸ் தசைப்பிடிப்பு வந்ததும் ஒரு காரில் ஏறி 11 மைல் போய், இறங்கி ஓடி, முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். பதக்கம் கொடுக்கப் போகும் நேரத்தில் குட்டு வெளிப்பட்டது.

உண்மையில் ஜெயித்த தாமஸ் ஹிக்ஸின் கதை இன்னும் மோசம். கூடவே வந்த உதவியாளர்களிடம் அவர் தண்ணீர் கேட்டார். அவர்கள் கொடுக்கவில்லை. வாயை மட்டும் வெதுவெதுப்பான நீரில் பஞ்சு நனைத்துத் துடைத்துவிட்டார்கள். குடிக்கக் கொடுத்தது வேறு: முட்டை வெள்ளைக்கருவில் கலந்த ஸ்ட்ரிக்னைன். ஆமாம், எலி மருந்தில் போடும் அதே ஸ்ட்ரிக்னைன். அன்றைக்குச் சிறு அளவில் அது ஊக்க மருந்து. பிறகு பிராந்தி. கடைசி மைல்களில் ஹிக்ஸுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கால்கள் காற்றில் ஓடுவதுபோல் அசைய, எல்லைக்கோட்டைத் தாண்டினார். 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. இன்றுவரை ஒலிம்பிக் மாரத்தானில் ஜெயித்தவர்களின் நேரங்களில் இதுதான் மிக மெதுவானது.

தண்ணீர் கொடுக்காதவர்கள் கொடூரர்கள் இல்லை. அவர் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். அந்தக் காலத்துப் பயிற்சி மரபே அப்படி: ஓட்டத்தின் நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், வேகம் குறையும், மனம் இளகும். தாகத்தை அடக்குவது ஆண்மை. என் வாத்தியாரின் விசில் கயிறு இங்கிருந்துதான் நீண்டு வருகிறது.

*

உடம்பை ஓர் எஞ்சினாக நினைத்துக்கொள்ளலாம். ரொம்ப மட்டமான எஞ்சின். ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது, மிச்சம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற நமக்கு இருக்கும் முக்கியமான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். வியர்க்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறு. மணிக்கு அரை லிட்டர் வியர்க்கிறவர்களும் உண்டு, இரண்டு லிட்டர் வியர்க்கிறவர்களும் உண்டு. நீரோடு உப்பும் போகிறது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் உப்பைவிட வியர்வையில் உப்பு குறைவு. எனவே வியர்க்க வியர்க்க ரத்தம் சற்றே கரிக்கும். அந்தக் கரிப்பு ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே மூளை கண்டுபிடித்துவிடும். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பெயர்தான் தாகம்.

இதையெல்லாம் முதலில் கவனித்துச் சொன்னது விளையாட்டு உலகம் இல்லை, வேலைத்தளம். 1923-இல் கே. நெவில் மாஸ் என்பவர் இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்கு வரும் தசைப்பிடிப்பை ஆராய்ந்தார். சூட்டில் வெந்து வியர்த்தவர்கள் வெறும் தண்ணீராகக் குடித்தபோது பிடிப்பு வந்தது. தண்ணீரில் கொஞ்சம் உப்பு போட்டுக் குடித்தால் வரவில்லை. அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டியபோது பாலைவன வெயிலில் தொழிலாளர்கள் விழுந்து செத்தார்கள். 1932-இல் ஹார்வர்டின் களைப்பு ஆய்வுக்கூடத்திலிருந்து டேவிட் புரூஸ் டில்லின் குழு அங்கே போய் அவர்களின் வியர்வையையும் சிறுநீரையும் அளந்தது. உப்பு பற்றிய அதே பாடம்தான் அங்கும் கிடைத்தது.

அடுத்து வந்தது போர். வீரனைக் குறைந்த தண்ணீரில் வாழப் பழக்கிவிடலாம் என்பது ராணுவங்களின் பழைய நம்பிக்கை. எட்வர்ட் அடால்ஃப் என்ற உடலியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது தன் குழுவோடு கலிஃபோர்னியப் பாலைவனத்துக்குப் போய் வீரர்களை நடக்கவிட்டு அளந்தார். உடம்பு எதற்கும் பழகவில்லை. தண்ணீர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வியர்வை அதே அளவில்தான் கொட்டியது. தண்ணீரைப் பாட்டிலில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் குடிப்பதில் ஒரு பயனும் இல்லை. அது வயிற்றுக்குள் இருக்க வேண்டும். 1944-இல் ஹார்வர்ட் ஆய்வுக்கூடத்தில் பிட்ஸ், ஜான்சன், கான்சோலாசியோ மூவரும் ஆட்களைச் சூட்டில் மணிக்கணக்காக நடக்கவைத்தார்கள். தண்ணீரே குடிக்காதவர்கள் சோர்ந்தார்கள். தாகத்துக்குக் குடித்தவர்கள் நன்றாக நடந்தார்கள். வியர்த்த அளவுக்கு மணிக்கு மணி குடித்தவர்கள் இன்னும் நன்றாக நடந்தார்கள்.

குடிக்காதே என்ற கட்டளை ஆய்வுக்கூடத்தில் அங்கேயே செத்துவிட்டது. ஆனால் அதே ஆய்வுகளில் எதிர்க் கட்டளையின் விதையும் கிடந்தது. பாலைவனத்தில் எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் ஆட்கள் வியர்த்த அளவுக்குக் குடிப்பதில்லை, பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான் ஈடுகட்டுகிறார்கள் என்று அடால்ஃப் பார்த்தார். இதற்கு அவர் குழு 'தானாகவே வரும் நீரிழப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தது. அப்படியென்றால் தாகம் பிந்தி வருகிறது, அது நம்பத்தகாதது என்று பின்னால் வந்தவர்கள் படித்துக்கொண்டார்கள்.

*

ஆய்வுக்கூடத்தில் செத்த கட்டளை மைதானத்தில் சாக இருபது வருடம் ஆனது. 1954-இல் டெக்சாஸின் ஜங்ஷன் என்ற ஊரில், கடும் வறட்சிக் காலத்தில், பேர் பிரையன்ட் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் கல்லூரிப் பையன்களுக்கு முகாம் நடத்தினார். பயிற்சி நேரத்தில் தண்ணீர் கிடையாது. பாதிக்கு மேற்பட்டவர்கள் முகாமை விட்டு ஓடினார்கள். ஒரு பையன் வெப்ப வாதத்தில் சாகக் கிடந்தான். இந்தக் கதையை வீரகதையாகச் சொல்லிப் புத்தகமும் படமும் வந்தன என்பதுதான் ஆச்சரியம்.

1965-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் டுவெய்ன் டக்ளஸ், சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம பையன்களுக்கு மேட்ச் முடிஞ்சு ரொம்ப நேரத்துக்கு ஒண்ணுக்கே வர்றதில்லையே, ஏன்?" வரலாற்றில் பல பெரிய வியாபாரங்கள் இதைவிடக் கௌரவமான கேள்விகளில் தொடங்கியிருக்கலாம். கேடின் குழு பையன்களின் வியர்வையையும் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தது. நீர், உப்பு, சர்க்கரை மூன்றும் தாறுமாறு. மூன்றையும் கலந்து ஒரு பானம் காய்ச்சினார்கள். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள் என்று கேடின் மனைவி மேரி சொன்னார். அணியின் செல்லப் பெயர் கேட்டர்ஸ். பானத்துக்குக் கேட்டரேட் என்று பெயர் வந்தது. 1967 ஜனவரி 2 அன்று ஆரஞ்சு பவுல் போட்டியில் ஃபுளோரிடா ஜெயித்தபோது, தோற்ற அணியின் பயிற்சியாளரே அந்தப் பானத்தைக் காரணமாகச் சொன்னார். அதைவிட நல்ல விளம்பரம் எந்தக் கம்பெனிக்கும் கிடைத்திருக்காது. அந்த ஆண்டே ஸ்டோக்லி வான் கேம்ப் நிறுவனம் அதை விற்க உரிமை வாங்கிக்கொண்டது.

எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, தண்ணீர். நம் பெட்டிக்கடைக்காரர் வெயில் காலத்தில் கலக்குவதும் இதைத்தான். ஆனால் இந்தக் கலவைக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. குடலின் சுவரில் ஒரு வாசல் உண்டு. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். அவற்றின் பின்னால் தண்ணீர் உள்ளே போகும். 1960-இல் பிராக் நகரத்தில் நடந்த கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் இதை முன்வைத்தார்.

அதே வாசலை இன்னொரு ஊரில் இன்னொருவர் தட்டினார். 1971, வங்கதேசப் போர். எல்லையோர பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்டவைத்து, டிரம்மில் கரைத்து, குழாய் வைத்து, வீட்டுக்காரர்களே பிடித்துக் குடிக்கவைக்கும்படி ஏற்பாடு செய்தார். முகாமில் முப்பது சதவீதத்தை எட்டியிருந்த சாவு, அவரது கவனிப்பில் நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பின்னால் இருக்கும் கதை இது. ஒரே வேதியியல், ஒன்று பல கோடி டாலர் பிராண்ட் ஆனது, இன்னொன்றை எவரும் காப்புரிமை வாங்கவில்லை. மஹலனாபிஸ் 2022-இல் இறந்தார். பத்ம விபூஷண் அதற்கடுத்த வருடம் வந்தது.

*

பானத்தை விற்க வேண்டுமென்றால் தாகத்தை மட்டும் நம்பி விற்க முடியாது. தாகம் தீர்ந்ததும் ஆள் நிறுத்திவிடுவான்.

இதை ஒரு சதிக் கதையாகச் சொல்வது சுலபம். உண்மை அதைவிடக் கலங்கலானது. நேர்மையான விஞ்ஞானிகளும் இதில் இருந்தார்கள். 1969-இல் தென்னாப்பிரிக்காவில் விண்டம், ஸ்ட்ரைடம் இருவரும் மாரத்தானில் போதிய நீர் குடிக்காததன் ஆபத்து பற்றி எழுதிய கட்டுரை நியாயமான எச்சரிக்கை. ஆனால் 1985-இல் கேட்டரேட் தன் பெயரிலேயே விளையாட்டு அறிவியல் நிறுவனம் தொடங்கியது; ஆய்வுகளுக்குப் பணம் பாய்ந்தது. 1996-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டி, வியர்வையில் போகும் நீரை முழுக்க ஈடுகட்டும்படி, அல்லது வயிறு தாங்கும் மட்டும் குடிக்கும்படி சொன்னது. மணிக்கு 600 முதல் 1200 மில்லி. அதே கல்லூரிக்கு அதே கம்பெனி புரவலர். 2012-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் இந்த உறவுகளைத் தோண்டி எடுத்து எழுதியது.

எட்டு டம்ளர் கணக்கின் கதையும் இதற்கு ஒரு தம்பி. 1945-இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் நீர் தேவை என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் அடுத்த வரியிலேயே சொன்னது. அந்த வரியைப் பலர் படிக்கவில்லை போலும். சோறும் குழம்பும் ரசமும் மோரும் சாப்பிடுகிறவர் அந்த வரியைப் படிக்காமலே புரிந்துகொள்வார்.

*

என் முதல் அரை மாரத்தானில் நான் நல்ல மாணவன். எந்த ஸ்டாலையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு கப், இடுப்பில் பாட்டில் வேறு. தாகமே இல்லை. வாட்ஸப் உபதேசம் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியாக முடித்தேன். கடைசி மூன்று கிலோமீட்டரில் குமட்டல், தலை கனம். முடித்ததும் வாந்தி. விரலில் மோதிரம் இறுகியிருந்தது. முதலுதவிக் கூடாரத்தில் இருந்த பையன் என்னைப் பார்த்ததும், "டீஹைட்ரேஷன் சார், நல்லா தண்ணி குடிங்க" என்று இன்னொரு பாட்டிலைத் திறந்து நீட்டினான். அந்த வாசனையே பிடிக்கவில்லை, தள்ளிவிட்டேன். வீட்டில் எடை பார்த்தால் காலையில் இருந்ததைவிட ஒரு கிலோ கூடுதல். 21 கிலோமீட்டர் ஓடி ஒரு கிலோ ஏறியிருக்கிறேன் என்று மனைவி இரண்டு நாள் சிரித்தாள். எனக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. அதனால் அது என்ன என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு படித்த சில கதைகள் முதுகைச் சில்லிட வைத்தன.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். 1981-இல் அதில் ஓடிய ஒரு பெண், 70-வது கிலோமீட்டரில் தன்னைப் பார்க்க வந்த கணவரையே அடையாளம் தெரியாமல் நின்றார். பிறகு நினைவிழந்தார். ரத்தத்தில் சோடியம் 135-க்கு மேல் இருக்க வேண்டும், அவருக்கு 115. அவருக்குத் தண்ணீர் குறையவில்லை, கூடியிருந்தது. மருத்துவர் டிம் நோக்ஸ் இதுபோன்ற நாலு பேரைப் பற்றி 1985-இல் எழுதினார். ஓட்டத்தில் தண்ணீர் குடித்தே ஒருவர் சாவுக்குப் பக்கத்தில் போகலாம் என்பது புதுச் செய்தி. பலரும் காதில் வாங்கவில்லை.

நடப்பது இதுதான். நீண்ட நேரம் ஓடும்போது உடம்பு வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சிறுநீரகத்திடம் தண்ணீரை விடாதே என்கிறது. மேலே ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். கீழே மடை அடைத்திருக்கிறது. ரத்தம் நீர்த்துப்போகிறது. நீர் செல்களுக்குள் புகுகிறது. மற்ற உறுப்புகள் வீங்கினால் இடம் இருக்கிறது. மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது. அதற்கு வீங்க இடமில்லை. குமட்டல், வாந்தி, குழப்பம், வலிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் நீர் குறைந்தவரும் நீர் கூடியவரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பார்கள். அந்தப் பையன் நீட்டிய பாட்டிலை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இப்படியே இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரிடம் எடுத்த ரத்த மாதிரிகளின் முடிவு 2005-இல் வெளியானது: 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. யாருக்கு அதிகம்? ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கு. நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மெதுவான ஓட்டக்காரர்களுக்கு. குடித்தது வெறும் தண்ணீரா, விளையாட்டுப் பானமா என்பதில் வித்தியாசமே இல்லை. பாட்டில் பானத்தில் இருக்கும் உப்பு ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. அளவு மீறினால் அதுவும் ரத்தத்தை நீர்க்கவே செய்யும்.

முன்னால் ஓடும் சாம்பியன்களுக்கு இது வருவதில்லை, அவர்களுக்குக் குடிக்க நேரமில்லை. ஹைலே கெப்ரெசெலாசி 2009-இல் துபாய் மாரத்தானை ஜெயித்தபோது உடல் எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி இழந்திருந்தார் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அவரைப் போல ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு மெதுவாக ஓடுகிற, சொன்னதையெல்லாம் கேட்கிற, என்னைப் போன்றவர்களுக்குத்தான் ஆபத்து.

2007-இல் அமெரிக்கக் கல்லூரி தன் வழிகாட்டியைத் திருத்தியது: எடை இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையவிடாதே, ஆனால் கூடவும் விடாதே. 2015-இல் கார்ல்ஸ்பாடில் கூடிய நிபுணர்கள் இன்னும் எளிமையாகச் சொன்னார்கள்: தாகம் எடுத்தால் குடி. நூறு வருடத்துக்கு மேல் சுற்றி, நாய்க்கும் மாட்டுக்கும் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சச்சரவு தீர்ந்துவிடவில்லை. கொளுத்தும் வெயிலில் வேகமாக ஓடுபவர்களுக்குத் தாகம் போதாது, கணக்கும் வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களுக்குத் தாக உணர்வு மந்தமாகும் என்பதும் உண்மை.

என் தொழில் மொழியில் சொன்னால், எட்டு டம்ளர் என்பது க்ரான் ஜாப். தேவை இருக்கிறதோ இல்லையோ, மணி அடித்தால் ஓடும். தாகம் இன்டரப்ட். கோடிக்கணக்கான வருடம் சோதித்துப் பார்த்த கோடு அது. அதில் பிழையே இல்லை என்று சொல்ல மாட்டேன், எந்தக் கோடிலும் சொல்ல மாட்டேன். ஆனால் அதை அணைத்துவிட்டு நேற்று எழுதிய ஸ்கிரிப்டை நம்புவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

இப்போது நான் செய்வது சின்ன வேலை. வெயில் நாளில் நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். ஒரு கிலோ குறைந்திருந்தால் சரி, போய் மோர் குடிக்கலாம், உப்புப் போட்டு. கூடியிருந்தால் தப்பு. வாட்சில் தண்ணீர் நினைவூட்டலை அணைத்துவிட்டேன்.

போன மாதம் ஓட்டம் முடித்து வந்தபோது, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சைக்கிள் ஓட்டி வியர்த்து நின்றாள். "அப்பா, தண்ணி குடிக்கலாமா?" என்றாள். பள்ளியில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் போல. "தாகமா இருக்கா?" என்றேன். ஒரு நிமிடம் யோசித்து, ஆமாம் என்றாள். இதற்கெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். அரை டம்ளர் குடித்துவிட்டு மீதியைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனாள்.